மிளகுத் தராசில் ஒரு பெட்டரி

பெட்டரியைப் பற்றி எழுத ஒரு குடும்பப் பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று சகோதரிகள் நினைக்கக் கூடும். 2022 ஆம் ஆண்டு வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டோர்ச்சுக்குப் போடுவது, சுவர் மணிக்கூட்டுக்குப் போடுவது, தீர்ந்தால் கழற்றி எறிவது. இதற்கு மேல் அந்தச் சாமானைப் பற்றி எனக்கு ஒரு விசாரமும் இருந்ததில்லை. எங்கள் வீட்டில் அடுப்பெரிவதும் மகளின் டியூஷனுக்குச் சல்லி போவதும் உள்ளங்கையை விடச் சற்றே பெரிய ஒரு பெட்டரியை நம்பித்தான் என்பது, அது எரிந்த அன்றுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளைகளின் வாப்பா ஓடாவி வேலை செய்கிறவர். மாத்தளையில் பட்டறை வைத்திருந்தவர், பல்லேகமவுக்கு வேலைக்கென்று வந்து, பிறகு எங்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பல்லேகம எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்கு வந்து, ரிவஸ்டன் மலையில் ஏறி, பனிமூட்டத்துக்குள் சற்று நேரம் போய், இலுக்கும்புரப் பக்கமாக இறங்கினால் நக்கிள்ஸ் மலைகளுக்கு அந்தப் புறத்தில் எங்கள் ஊர். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய லக்கல நகரம் தண்ணீருக்கு வழிவிட்டது. அதற்குப் பதிலாகக் கட்டிய புதிய நகரத்தை 2019 ஜனவரியில் திறந்தார்கள். இடம்பெயர்ந்த சனங்கள் புதிய காணிகளில் வீடு கட்டினார்கள். வீடென்றால் கதவு, யன்னல், கூரை, சீலிங், குசினி அலுமாரி. ஓடாவிக்கு வேலை இல்லாமலா போகும்?

வேலை இருந்தது. கறண்ட்தான் இருக்கவில்லை. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு உடனே மின் இணைப்பு வந்துவிடாது. அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டு வயர் இழுக்க வேண்டும். அடுத்த வீடும் அரைகுறையாக நின்றால் அதுவும் இல்லை. ஆகவே பெட்டரியில் ஓடும் ட்ரில்லும், ஸ்குரூ முடுக்கும் மெஷினும்தான் அவருக்கு இரண்டு கைகள். இரண்டையும் 2017 இல் டோஹாவிலிருந்து லீவில் வந்த என் தம்பி கொண்டு வந்து கொடுத்தான். 18 வோல்ட் மெஷின்கள். அவற்றோடு 3.0 என்று எழுதிய பெட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று. ஒன்றைப் போட்டு வேலை செய்யும்போது மற்றது மாற்றுக்கு இருக்கும். ஓர் ஊழியருக்கு இரண்டு சாறன் இருப்பது மாதிரி.

நாலு வருடம் நன்றாக உழைத்தன. 2021 இன் கடைசியில் இளைக்கத் தொடங்கின. காலையில் முழுச் சார்ஜோடு போகும், பத்து மணித் தேநீருக்கு முன்பே படுத்துவிடும். இதில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. லித்தியம் பெட்டரி சில நூறு தடவை ஏறி இறங்குவதற்கென்று செய்யப்பட்டது. வெயிலும் சூடும் பட்டால் அந்தக் கணக்கு இன்னும் குறையும். மனிதரைப் போலத்தான், உழைத்து மூப்படைகிறது.

பிறகு வந்தது 2022. அந்த வருடத்தை இலங்கையில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாச் சொச்சத்துக்கு நின்ற டொலர், மே மாதத்தில் 360 ஆகியிருந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்கள். கறண்ட் இல்லாத காலத்தில் பெட்டரி மெஷின்காரருக்குத்தான் கிராக்கி. ஆனால் அந்த மெஷினுக்கு வேண்டிய பெட்டரியோ கடல் கடந்து டொலரில் வரவேண்டியது! வேலை தேடி வந்தது, கருவி படுத்துக் கிடந்தது.

மாத்தளையிலும் கண்டியிலும் விசாரித்தார். கம்பெனிப் பெட்டரி ஒன்று 42,000 ரூபா என்றார்கள். அதுவும் முன்பணம் கட்டிவிட்டுப் போனால் வரும்போது சொல்வார்களாம். என்னிடம் சீட்டுப் பிடித்த 30,000 ரூபா இருந்தது. மகள் அடுத்த வருடம் உயர்தரம் எழுத வேண்டியவள், அவளுக்கென்று ஒதுக்கியது. இவர் கடன் வாங்கிக் கம்பெனிப் பெட்டரியே ஒன்று எடுப்போம் என்றார். நான்தான் விடவில்லை. "ஒன்றுக்கு நாற்பத்தீராயிரமா? அந்தச் சல்லிக்கு மூன்று மாதம் அரிசி வாங்கலாமே!" என்றேன்.

அப்போதுதான் ஒரு கடையில் அதே பெட்டரி 13,500 ரூபாவுக்கு இருக்கிறது என்று தெரிய வந்தது. அதே கம்பெனிப் பெயர், அதே நிறம், அதே எழுத்து. போதாததற்கு எங்கள் பழையதில் 3.0 என்று இருந்த இடத்தில் இதில் 6.0 என்று இருந்தது. "கம்பெனிச் சாமான்தான் பாஸ், வேற வழியா வாறது. அதுதான் விலை குறைவு" என்றாராம் கடைக்காரர். அந்தக் கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவரையும் யாராவது இப்படிச் சொல்லித்தான் ஏமாற்றினார்களோ என்னவோ. மே மாதம் இரண்டு பெட்டரி 27,000 ரூபாவுக்கு வாங்கினோம். மீதி 3,000 ரூபாவை மகளிடம் கொடுத்தபோது ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை.

முதல் மாதம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் மாதம் கூரை மரத்தில் நீள ஸ்குரூ ஏற்றும்போது பாதியில் நின்றதாம். சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடுமாம். மூன்றாம் மாதம் கழற்றி எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு. "ஆறெண்டு எழுதி ஈக்கி, பழைய மூண்டு அளவுக்குக் கூட வேல செய்யுதில்லையே" என்று இவர் புறுபுறுத்தார். நான் ஒன்றும் பேசவில்லை. வாங்கச் சொன்னவள் நானல்லவா?

ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு. பகலில் கறண்ட் போய்ப் போய் வந்ததால் இரவில்தான் சார்ஜ் பண்ணுவோம். முன் அறையின் மூலையில் சார்ஜர். நாலு முழம் தள்ளி, பாயில் மகன் படுத்திருந்தான். ஒரு மணி இருக்கும். இனிப்பும் காரமும் கலந்த மாதிரி ஒரு மணம். நெயில் பொலிஷ் கொட்டினாற் போல. நான் எழும்பிப் பார்ப்பதற்குள் சீறுகிற சத்தம். அதன் பிறகு வெள்ளைப் புகை. இவர் மகனைப் பாயோடு இழுத்து வெளியே தள்ளிவிட்டு, மெயின் சுவிச்சை அணைத்து, மம்மட்டியால் சார்ஜரையும் பெட்டரியையும் சேர்த்து அள்ளி முற்றத்தில் எறிந்தார். அங்கே போய்த்தான் அது தீப்பிடித்து, வாணவேடிக்கை மாதிரி ஒவ்வொன்றாக வெடித்தது. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். திரைச்சீலை ஒன்றும் மகளின் இரண்டு கொப்பிகளும் கருகின. சீமெந்துத் தரையில் தட்டளவு கறுப்புத் தழும்பு இன்றும் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

அவர் செய்தது சரியான காரியமல்ல என்று பிறகு அறிந்தோம். புகைகிற லித்தியம் பெட்டரியைக் கையிலெடுக்கவோ தூக்கிக்கொண்டு ஓடவோ கூடாது. அந்தப் புகையே நஞ்சு. ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. தண்ணீர் ஊற்றுவது தவறில்லை. இந்த மாதிரிச் சின்னப் பெட்டரியில் நிறையத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிப்பதுதான் முறை. அதையும் எட்ட நின்றே செய்ய வேண்டும்.

இவருடைய தாத்தாவின் மகன் கண்டியில் இலத்திரனியல் படித்தவன். விஷயம் கேள்விப்பட்டு அடுத்த கிழமை வந்தான். எரியாமல் மிஞ்சிய மற்றப் பெட்டரியைக் கண்டதும், "மாமி, உங்கட மிளகுத் தராச எடுங்க" என்றான்.

மிளகுத் தராசைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தளை மாவட்டத்தில் மிளகு இல்லாத தோட்டம் குறைவு. அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து, ரத்தோட்டை வியாபாரிக்குக் கொடுப்பேன். அதற்காக ஒரு டிஜிட்டல் தராசு வைத்திருக்கிறேன். மிளகைக் கண்ணால் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாறுவார். ஒரு லீட்டர்ச் சுண்டில் நிரப்பி நிறுத்துப் பார்க்க வேண்டும். 500 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல காய்ப்பு. அதற்குக் கீழே என்றால் சொத்தை, பிஞ்சு, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். பப்பாளி விதையைக் கலப்பவர்களும் உண்டு. வெளியே எல்லாம் ஒரே கறுப்புத்தான்.

முதலில் 2017 இல் வந்த பழைய பெட்டரியை வைத்தான். 612 கிராம். அடுத்து, 6.0 என்று எழுதிய புதியதை வைத்தான். 493 கிராம்!

"மாமி, மூணு எண்டு எழுதினது பாரம், ஆறு எண்டு எழுதினது லேசு. உங்களுக்கு மிளகு தெரியும்தானே" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அந்தப் பெட்டரியைப் பக்குவமாகத் திறந்து காட்டினான். (இதை வாசிக்கும் யாரும் வீட்டில் இப்படித் திறந்து பார்க்க வேண்டாம். அவன் படித்தவன், சார்ஜை முழுதாக வடித்துவிட்டுத்தான் கைவைத்தான்.) உள்ளே டோர்ச் பெட்டரி மாதிரிப் பத்து உருளைகள். ஒவ்வொன்றும் 18 மில்லிமீற்றர் குறுக்களவு, 65 மில்லிமீற்றர் நீளம். அதனால்தான் அதற்கு 18650 என்று பெயராம். ஓர் உருளைக்கு 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட். அப்படி இரண்டு வரிசையைப் பக்கத்தில் சேர்த்தால் வோல்ட் கூடாது, உழைக்கும் நேரம் இரட்டிக்கும். கம்பெனிப் பெட்டரியிலும் இதேதான் இருக்கும், இதில் ஒரு மந்திரமும் இல்லை என்றான்.

வித்தியாசம் எங்கே? நல்ல உருளை ஒன்று 45 கிராமுக்குக் குறையாமல் நிற்கும். எங்கள் பெட்டரியில் இருந்தவை ஒன்றுக்கொன்று நிறம் மாறிய பழைய உருளைகள். கழித்துப்போட்ட லெப்டொப்களிலிருந்து எடுத்தவையாக இருக்கலாம் என்றான். லெப்டொப் மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கும். ஸ்குரூ முடுக்கும் மெஷின் அப்படியா? ஒரே மூச்சில் உறிஞ்சும். அந்த வேகத்துக்கென்றே செய்த உருளைகள் வேறு. வண்டில் மாட்டைப் பந்தயத்துக்கு விட்டால் அது ஓடாது, விழும். இங்கே விழுவதற்குப் பதிலாகச் சூடேறியது.

அதை விடப் பெரிய குறையை அடுத்துக் காட்டினான். ஓர் உருளை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறக் கூடாது, 2.5 க்குக் கீழே இறங்கக் கூடாது. ஐந்தும் 4.2 இல் நின்றால் மொத்தம் 21. சரிதான். ஆனால் ஐந்தில் ஒன்று நோஞ்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு உருளை 4.1 இல் நிற்க, அந்த ஒன்று மட்டும் 4.6 க்கு ஏறிவிட்டால்? கூட்டிப் பாருங்கள், அதுவும் 21 தான்! மொத்தத்தை மட்டும் பார்க்கிற காவற்காரனுக்கு எல்லாம் சுபமாகத் தெரியும். உள்ளே ஒருவன் வெந்துகொண்டிருப்பான். ஆகையால் ஒழுங்கான பெட்டரியில் ஒவ்வோர் இணைப்பிலிருந்தும் ஒரு மெல்லிய கம்பி காவற்பலகைக்குப் போகும். ஒவ்வோர் உருளையாகப் பார்த்து, ஒன்று எல்லை மீறினாலும் சார்ஜை நிறுத்திவிடும். எங்கள் பெட்டரியில் அந்தக் கம்பிகள் ஒன்று கூட இல்லை. சூட்டை அறிந்து சார்ஜருக்குச் சொல்ல ஒரு சின்னப் பொட்டு இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, எந்நேரமும் "சூடில்லை, சூடில்லை" என்று பொய் சொல்கிற ஒரு சாதாரணத் துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். கவனக்குறைவால் விடுபட்டது என்றால் மன்னிக்கலாம். சார்ஜரை ஏமாற்ற வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். என் பிள்ளை படுத்திருந்த அறையில் அந்தப் பொய்யைத்தான் நாலு மாதமாகச் சார்ஜரில் மாட்டிக்கொண்டிருந்தோம்.

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் ஒரிஜினல் இல்லாமல் ஒன்றும் வீட்டுக்குள் வரக்கூடாது! மருமகன் தலையாட்டவில்லை.

"அப்படியும் இல்ல மாமி. நீங்க வாங்கினது டூப்ளிகேட். அடுத்தவன்ட பேரப் போட்டு வித்தது. வேற ஒரு கம்பெனி தன்ட சொந்தப் பேரப் போட்டு, இந்த மெஷினுக்குப் பொருந்தும் எண்டு சொல்லி விக்கிறது வேற. ரெண்டையும் ஒரே கூடையில போடாதீங்க" என்றான்.

இதை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில்தான் போடுகிறார்கள். எங்கள் பெட்டரியைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்று புத்தகத்தில் அச்சடிக்கிறார்கள். அவர்கள் பேச்சில் உண்மையும் இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது. டோர்ச் பெட்டரியை எந்தக் கடையிலும் வாங்கி எந்த டோர்ச்சிலும் போடலாம். மெஷின் பெட்டரியை அப்படிப் போட முடியாது. உள்ளே அதே 18650 உருளைதான் என்றாலும் வெளிக்கூட்டின் காடியை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வெட்டி வைத்திருக்கிறது. மெஷினை ஒரு தடவை வாங்கிவிட்டால், அதன் ஆயுள் முழுக்க அவர்களிடமே பெட்டரி வாங்க வேண்டும். ஜேர்மனியில் மெட்டாபோ என்ற கம்பெனி 2018 இல் வேறு கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு, ஒரே பெட்டரி எல்லோருடைய மெஷினிலும் பொருந்தும்படி ஒரு கூட்டணி அமைத்தது. அந்த நல்ல புத்தி எல்லோருக்கும் வந்தால் பல்லேகமவில் ஓர் ஓடாவி 42,000 ரூபாவுக்கு முன்னால் விழி பிதுங்கி நிற்க வேண்டியிராது. விலையை அந்த உயரத்தில் வைத்ததால்தான் கள்ளப் பெட்டரிக்காரனுக்கு வழி பிறந்தது என்று நான் சொல்வேன். இவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "வாசல் உயரம் எண்டா கூரையைப் பிரிச்சு இறங்குறதா?" என்பார். இந்த விவாதம் எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.

2022 செப்டெம்பரில் மருமகன் சொன்னபடி சொந்தப் பெயர் போட்ட பெட்டரி ஒன்று வாங்கினோம். 17,000 ரூபா. வாங்கும் முன் என்னென்ன பார்த்தான் தெரியுமா? இறக்குமதி செய்தவரின் விலாசம் பெட்டியில் இருக்கிறதா, உருளை யார் செய்தது என்று எழுதியிருக்கிறதா, பழுதானால் திருப்பி எடுப்போம் என்று கடைக்காரர் பில்லில் எழுதித் தருவாரா. பிறகு தராசு. 5.0 என்று எழுதிய அது 598 கிராம் நின்றது. தராசு மட்டும் போதாது என்றும் எச்சரித்தான். பாரத்துக்காக மண்ணைப் போட்டு அடைக்கிறவர்களும் இருக்கிறார்களாம். மிளகை நனைத்துப் பாரம் ஏற்றுகிறவர்களைக் கண்டவளுக்கு இது புதினமா? லேசாக இருந்தால் நிச்சயம் மோசம், பாரமாக இருந்தால் நல்லதாக இருக்கலாம். அவ்வளவுதான் தராசு சொல்லும்.

இன்னொன்றும் சொன்னான். வோல்ட் என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்கக் கூடாது. சில மலிவு மெஷின்களில் 48 என்றும் 88 என்றும் நூற்றுக்கு மேலும் கூட எழுதியிருப்பார்கள். உள்ளே அதே ஐந்து உருளை வரிசைதான் இருக்கும். 18 என்பதும், 20 என்பதும், 21 என்பதும் ஒன்றே. சாதாரணமாக நிற்கும் அளவைச் சொன்னால் 18. முழுச் சார்ஜ் ஏறிய நிமிடத்தில் அளந்தால் 21. வேண்டியவர் வேண்டியதை எழுதிக்கொள்கிறார். அதே போல ஓர் உருளை 3,000 சொச்சம் மில்லி ஆம்பியர்-மணி கொள்வதே பெரிய காரியம். 9,900 என்று அச்சடித்த உருளையைக் கண்டால் அந்தக் கடையை விட்டே இறங்கிவிட வேண்டும்.

அந்த வருடம் டிசம்பரில் தம்பி லீவில் வந்தபோது கம்பெனிப் பெட்டரியே ஒன்று கொண்டு வந்தான். நம் சல்லிக்கு 38,000 ரூபா ஆனது. அதிலும் ஒரு கதை. அவன் அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டான். டோஹா விமான நிலையத்தில் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். தனியாகக் கொண்டு போகும் லித்தியம் பெட்டரியை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் போட அனுமதியில்லை. கைப்பையில்தான் வைத்திருக்க வேண்டும், முனைகளில் டேப் ஒட்டியிருந்தால் நல்லது. அளவும் உண்டு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் 100 க்குள் இருக்க வேண்டும். 18 ஐ 5 ஆல் பெருக்கினால் 90, தப்பித்தான். 6.0 பெட்டரி என்றால் 108. விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். வளைகுடாவிலிருந்து வீட்டுக்காரரோ மகனோ மெஷின் கொண்டு வரப்போகிறார் என்றால் சகோதரிகள் இதைச் சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் வரிசையில் நின்று பெட்டியைக் குடைகிற சங்கடம் இல்லாமல் போகும்.

நான் கணக்குக் கொப்பி எழுதுகிறவள். மிளகுக்குப் பின்பக்கத்தில் பெட்டரிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். கள்ளப் பெட்டரி இரண்டுக்கும் 27,000, நாலு மாதம். மாதத்துக்கு 6,750 ரூபா ஆகிறது. கருகிய சார்ஜருக்கு 9,500 ரூபா தனி. சொந்தப் பெயர் போட்ட பெட்டரி 2025 ஜனவரி வரை 28 மாதம் உழைத்துவிட்டு ஓய்ந்தது. 17,000 ஐ 28 ஆல் பிரித்தால் மாதத்துக்கு 607 ரூபா. தம்பி கொண்டு வந்தது மூன்று வருடம் தாண்டியும் ஓடுகிறது. இதுவரை மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஓட ஓட இன்னும் குறையும்.

அப்படியென்றால் ஒரிஜினலை விட மற்றதுதான் லாபம் என்று யாரும் உடனே ஓடவேண்டாம். இவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். துளை போட, ஸ்குரூ முடுக்க இரண்டும் ஒன்றுதான். பலகை அறுக்கும் வட்ட வாளில் மாட்டினால் சொந்தப் பெயர்க்காரன் இளைத்துவிடுவானாம். தடித்த பலா மரத்தில் வாள் நின்று நின்று போகுமாம். வாள் பாதியில் நிற்பது ஓடாவிக்கு நல்லதல்ல. ஆகவே வாளுக்கும் கிரைண்டருக்கும் கம்பெனிப் பெட்டரி, மற்ற வேலைக்கு மற்றது என்று பிரித்து வைத்திருந்தார். மலைக்கு அந்தப் பக்கம் கடை வைத்துக்கொண்டு வாழ்கிற எங்களுக்கு இன்னொன்றும் உண்டு. பழுதானால் மாத்தளைக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும். அந்த நாளையும் விலையோடு சேர்த்துத்தான் நான் எழுதுகிறேன்.

பழைய காலத்தில் இவ்வளவு பயம் இருக்கவில்லை என்று இவர் சொல்வார். அமெரிக்காவில் பிளக் அண்ட் டெக்கர் 1961 இலேயே பெட்டரி ட்ரில் செய்துவிட்டதாம். அந்தக் காலத்து நிக்கல் பெட்டரி பாரம், சீக்கிரம் இறங்கும், ஆனால் பொறுமைசாலி. லித்தியம் பெட்டரியை 1991 இல் ஜப்பானின் சோனி சந்தைக்குக் கொண்டு வந்தது. கைக்கருவிகளுக்கு அது வந்தது 2005 அளவில். அதைக் கண்டுபிடித்தவர்கள் மூவருக்கு 2019 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். லேசானது, பலமானது, ஆனால் கோபக்காரன். கோபக்காரனைக் காவலில்லாமல் வீட்டுக்குள் விடலாமா?

இப்போது எங்கள் வீட்டில் சார்ஜர் குசினிப் படிக்கட்டில், சீமெந்தின் மேல் இருக்கிறது. பக்கத்தில் துணி, பாய், மண்ணெண்ணெய் ஒன்றும் இல்லை. எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில்தான் மாட்டுவோம். இஷாவுக்குப் பிறகு மாட்டினால் படுக்கும் முன் கழற்றிவிடுவார். சுடச்சுட வந்த பெட்டரியை ஆறவிட்டுத்தான் சார்ஜில் போடுவது. த்ரீவீலின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டுப் போவதில்லை. வீங்கினால், கீழே விழுந்து வெடித்தால், நீரில் ஊறினால், என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் அது அன்றோடு வீட்டுக்கு வெளியே. புதிதாக எது வாங்கினாலும் ஆணியால் அதன் அடியில் திகதியைக் கீறி வைக்கிறார். மகளும் உயர்தரம் எழுதிவிட்டாள். கருகிய கொப்பிகளைத் தோழியிடம் வாங்கித் திரும்ப எழுதியதை இன்னும் சொல்லிக் காட்டுவாள்.

சென்ற மாதம் மிளகு கொண்டு வந்த பக்கத்துக் காணி சிங்களச் சகோதரி, மூட்டைக்கு அடியிலிருந்து சீலையில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். அவளுடைய மகன் அப்போதுதான் சீலிங் வேலை பழகத் தொடங்கியிருந்தான். முதல் சம்பளத்தில் வாங்கிய பெட்டரியாம். பெரிய கம்பெனிப் பெயர், பளபளப்பு, 6.0.

"நங்கி, இதையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்களேன்" என்றாள். எங்கள் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியும்.

வைத்தேன். எழுத்து ஓடி ஓடி, 488 இல் நின்றது. அவள் தராசைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகனை நாளைக்குப் பில்லோடு இங்கே வரச் சொல்லுங்கள், இன்றிரவு இதைச் சார்ஜில் போட வேண்டாம் என்று சொன்னேன். பிறகு அவளுடைய மிளகைச் சுண்டில் நிரப்பித் தராசில் வைத்தேன். 540 நின்றது. நல்ல மிளகு.